ஃபெரிக்காரி கிளெனிஸின் வலது கை

கிளெனிஸ் பெட்ச் பத்தொன்பது வருஷமாக ஃபெரி ஓட்டுகிறாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை. இரும்பு வடம் ஆற்றுக்குள்ளிருந்து சொட்டச் சொட்ட எழுந்து உருளையில் ஏறும், பின்பக்கம் மறுபடி மூழ்கும். நான்கு நிமிஷத்தில் ஆறு தாண்டிவிடும். குளிர்காலக் காலைகளில் மூடுபனி தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும்போது கரை எது, நடு ஆறு எது என்று யாருக்கும் தெரியாது. காருக்குள் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு, நகர்வது நாமா ஆறா என்றே சந்தேகம் வரும். கிளெனிஸுக்கு வராது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வலது கையை நெம்புகோலில் வைத்திருப்பாள். உள்ளங்கையில் வரும் அதிர்வைக் கொண்டே கரை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவாள்.

அந்தக் கை ஆரஞ்சு ஏற்றிய பதினெட்டுச் சக்கர லாரியை ஒரு விரல் அசைவில் முன்னே வரச்சொல்லும். உள்ளங்கையைக் காட்டினால் லாரி நிற்கும். ஹாரன் அடித்த எவனையும் அந்தக் கை ஒரு தடவைகூட அவசரப்பட்டு ஏற்றியதில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பப்பின் பின்னறையில் அது இலை மாதிரி நடுங்கியபோது எங்களுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

ஞாயிறு மத்தியானப் போக்கர் சீட்டாட்டத்தை நடத்துபவள் ரேலீன். பப்பின் சமையல்கட்டையும் அவள்தான் பார்க்கிறாள். உள்ளே வரக் காசு கிடையாது; தோற்றால் போவதும் ஒன்றுமில்லை. பந்தயம் வைக்க, காசுக்குப் பதில் எல்லோருக்கும் ஒரே அளவு வட்ட வில்லைகள் கொடுப்பாள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, ஷ்னிட்ஸல், ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டால் கூடுதலாகக் கொஞ்சம் வில்லை. கிரேக்கத்துத் தானாஸி ஆரஞ்சுத் தோட்டத்தை மகனிடம் விட்ட நாளிலிருந்து வாராவாரம் இரண்டு தட்டு சாப்பிடுகிறார், எல்லாம் வில்லைக்காகத்தான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு. மே மாதம் தொடங்கிப் பத்து ஞாயிறு ஆட்டம். வில்லை தீர்ந்து யார் எத்தனாவதாக வெளியேறினார்கள் என்பதை வைத்து ரேலீன் பலகையில் புள்ளி போடுவாள். பத்தாவது ஞாயிறு முடிந்து மேலே நிற்கிற ஒருவர் அடிலெய்டில் நடக்கும் மாநில ஆட்டத்துக்குப் போகலாம். பஸ்ஸும் இரண்டு ராத்திரி ஓட்டலும் மாநில ஆட்டத்தை நடத்துபவர்கள் செலவு.

கிளெனிஸுக்கு அந்தப் பயணம் வேண்டும். வெட்கப்படாமல் என்னிடமே சொன்னாள். என் கார் மட்டும்தான் ஃபெரியில் இருந்தது அன்றைக்கு.

"பத்தொம்பது வருஷமா ஊரையே அக்கரைக்குக் கொண்டுவிட்டுட்டு நான் மட்டும் பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கிறேன். ஒரு தடவை என்னை யாராச்சும் எங்கயாச்சும் கொண்டுபோகட்டுமே. நான் ஜன்னலோரம் ஒக்காந்துக்குறேன், வேற ஒருத்தன் ஓட்டட்டும்."

"நெவில்கிட்ட சொன்னா அடிலெய்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டானா?" என்றேன். நெவில் அவள் புருஷன்.

"போவான். பெட்ரோல் வெலையைச் சொல்லிக்கிட்டே போவான். ஜெயிச்சுப் போறது வேற."

ஆட்டம் அவளுக்குப் புதிது இல்லை. நான்கு வருஷமாக வீட்டில், வேலை முடிந்து வந்து, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு டேப்லெட்டில் ஆடுகிறாள். பிரேசில்காரனும் பின்லாந்துக்காரனும் அவளிடம் தோற்றிருக்கிறார்கள். அங்கே அவள் பெயர் பெலிக்கன், ஆற்றில் மிதக்கும் கூழைக்கடா. நெவில் பக்கத்தில் குறட்டை விட, அடுப்பில் சூப் கொதிக்க, திரையில் பச்சை மேசை ஒரு குளம் மாதிரி ஒளிரும். அந்தக் குளத்தில் அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தூக்கி நடுவில் வைப்பாளாம். திரையில் கை தெரியாது.

முதல் ஞாயிறு அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். எட்டுப் பேர் மேசை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக; எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாக விழும். மூன்றாவது சுற்றிலேயே அவளுக்கு எல்லாச் சீட்டிலும் பெரியதான ஆஸ் இரண்டு வந்திருக்கிறது. எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தவுடன் அவள் கழுத்து சிவந்தது, பிறகு வலது கை வில்லைகளை எடுக்கப் போனது. அடுக்கு சரிந்தது. மறுபடி எடுத்தாள். பல் கிட்டிக்கொள்ளும் சத்தம் மாதிரி வில்லைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. அந்தச் சத்தத்தோடே நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

எதிரில் பேரி ஷிர்மர். ஆரஞ்சு பெட்டிபோடும் கொட்டகையில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். கொட்டகைப் பழக்கம் அது.

"நமக்கு வேணாம்பா," என்று சீட்டைக் கவிழ்த்து அந்தச் சுற்றிலிருந்து விலகினார். "கண்ணு, ஒங்கிட்ட ஆஸ் ரெண்டு இருக்கு. இல்லாட்டி ஒனக்கு மலேரியா."

எல்லோரும் கவிழ்த்தார்கள். இரண்டு ஆஸுக்கு அவளுக்குக் கிடைத்தது, சுற்று தொடங்கக் கட்டாயமாக வைக்கப்பட்ட இரண்டே சின்ன வில்லை. அவள் சீட்டைக் காட்டவில்லை. காட்டவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசம். நடுங்கும் கையால் அடுக்கை எடுத்தால்தானே சரியும் என்று, ஒரே ஒரு பெரிய வில்லையாக எடுத்து வைத்தாள். யோசனை நல்லதுதான். ஆனால் பந்தயத்தைக் கூட்டுகிறேன் என்று சொல்ல வாய் திறக்கவில்லை. "ஏத்துறேன்" என்ற ஒரு சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாள்முழுக்கக் கையால் பேசியே பழகியவள் அவள். அந்தக் கூண்டுக்குள்ளிருந்து சத்தம் போட்டாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

தானாஸி அந்த வில்லையையே பார்த்தார். "ஏத்துனியா?"

அவள் தலையாட்டினாள்.

ரேலீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "தலையாட்டுனா ஆகாது கிளெனிஸ். ஒத்தை வில்லையை வாயைத் திறக்காம வெச்சா, அது எவ்ளோ பெருசா இருந்தாலும் 'பாக்குறேன்'னுதான் கணக்கு, முன்னாடி வெச்சவங்களுக்குச் சரிக்குச் சரி. மிச்சத்தை எடுத்துக்கோ."

"நான் ஏத்தணும்னுதான்..."

"நீ நெனச்சது ஒனக்குத் தெரியும், மேசைக்குத் தெரியாதே."

சல்லிசாக உள்ளே வந்த தானாஸிக்கு நடுவில் விழுந்த நான்காவது சீட்டில் வேண்டியது கிடைத்தது. கிளெனிஸுக்கு அன்றைக்கு எட்டுப் பேரில் ஏழாவது இடம். எட்டாவது நான். நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தோம். பெலிக்கன் இரண்டு, மிதக்கும் தலையணை மாதிரி, ஒன்றும் செய்யாமல் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. "அதுங்களுக்குக் கை இல்லை," என்றாள் கிளெனிஸ்.

வைத்தியங்கள் தொடங்கின. யார் சொன்னதையும் விடவில்லை. ஒரு கிளாஸ் பீர் குடித்தால் நிற்கும் என்றார்கள். நின்றது, கூடவே வில்லையை எண்ணுவதும் நின்றது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்தாள்; எடுக்கும்போது அது இன்னும் அதிகமாக ஆடியது. நெவிலின் தோட்டக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு வந்தாள். சீட்டின் ஓரத்தைப் பிடிக்க முடியாமல் முழுச் சீட்டையும் மல்லாத்தி எல்லோருக்கும் காட்டிவிட்டாள். மூச்சை எண்ணச் சொன்னார்கள். கூண்டில் உட்கார்ந்து இக்கரையிலிருந்து அக்கரைக்கு அறுபத்திரண்டு மூச்சு என்று கண்டுபிடித்தாள். மேசையில் அவ்வளவு நேரம் யார் கொடுப்பார்கள்?

வீட்டில் நெவில் எதிராளியாக உட்கார்ந்தான். திராட்சைக் கொடி கவாத்து பண்ணுகிறவன். சீட்டு என்றால் ராணி எது ஜாக்கி எது என்றுகூடத் தெரியாது. வில்லைக்குப் பதில் சட்டைப் பொத்தான்கள். பேரியின் மூக்குக் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு கறுப்புக் கண்ணாடி வேறு மாட்டிக்கொண்டான்.

"இப்ப நான் பேரி," என்றான். "நடுங்கு."

"நடுங்க வரலியே."

"நான் மொறைக்கிறேன் பாரு."

"நெவில், ஒன்னைப் பாத்து முப்பது வருஷத்துல நான் எப்படா நடுங்குனேன்?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "அப்ப நீ பயப்படறது சீட்டுக்கு இல்லை. ஆளுங்களுக்கு."

"ஆளுங்களுக்குமில்லை. அவங்களைத் தெனமும் ஏத்தி எறக்குறேன்."

"பின்னே?"

அவள் பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்து வைத்தாள். "எனக்கு வேணுங்கறது அவங்களுக்குத் தெரிஞ்சுடும்ல. அதுக்கு."

நெவிலுக்கு அது புரிந்ததோ இல்லையோ, எழுந்துபோய் டீ போட்டான்.

ஐந்தாவது ஞாயிறு பலகையில் அவள் பெயர் ஆறாவது. பேரி முதலாவது. அன்றைக்கு வெளியே தூறல். பின்னறைக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, ஆறும் மரமும் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்திருந்தன. உள்ளே ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. எல்லோரும் பாதித் தூக்கத்தில் ஆடினோம். நடுவில் விரித்த ஐந்து சீட்டில் மூன்று இஸ்பேடு, மிச்சம் இரண்டில் ஒன்று எட்டு. மிஞ்சியிருந்தது தானாஸியும் கிளெனிஸும்.

கிளெனிஸின் கை ஆட ஆரம்பித்தது. சாதாரண ஆட்டம் இல்லை. மேசையின் அந்தப் பக்கம் இருந்த தண்ணீர்க் கிளாஸில் வளையம் வளையமாகத் தெரிந்தது. ஆனாலும் சொல்லை வெளியே தள்ளிவிட்டாள். "ஏத்துறேன்" என்று அது கிசுகிசுப்பாக வந்தது. பாதி வில்லையை நகர்த்தினாள்.

தானாஸி தன் சீட்டைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், ஷ்னிட்ஸல் தட்டைப் பார்த்தார்.

"எங்கிட்ட மூணு எட்டு இருக்கு," என்றார் வேதனையாக.

"ஆட்டம் முடியறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாது தானாஸி," என்றாள் ரேலீன்.

"சொல்லாட்டி வயிறு வெடிச்சுடும். மூணு எட்டை யாராச்சும் கவுப்பாங்களா? ஆனா அந்தக் கையைப் பாருங்க. அஞ்சும் இஸ்பேடு வெச்சிருக்கா, அது மூணு எட்டைத் தின்னுடும்."

கவிழ்த்தார்.

கிளெனிஸ் வில்லைகளை இரண்டு கையாலும் வாரித் தன் பக்கம் இழுத்தாள். சீட்டைக் கட்டோடு சேர்க்கும் முன் ஓரத்தைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. இஸ்பேடு ராஜா. இன்னொன்று ராணி, கிளாவர் ராணி. இரண்டும் கறுப்பு. கை நடுங்குவது தெரியக்கூடாதே என்று சீட்டை ஒரே ஒரு தடவை அவசரமாகப் பார்த்திருக்கிறாள். மறுபடி பார்க்கத் தைரியம் வரவில்லை. கிளாவர் இலையை இஸ்பேடு என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளிடம் ஒன்றுமே இல்லை. தானாஸியின் மூன்று எட்டு அவளைப் பொடிப்பொடியாக்கியிருக்கும்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் பீரைப் பார்த்தேன்.

மறுநாள் ஃபெரியில் என் கார் கண்ணாடியைத் தட்டினாள். நடு ஆற்றில் அவள் கூண்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அந்தக் கரையில் ஃபெரியை நிறுத்தியபிறகுதான் வந்தாள், பின்னால் வேறு கார் இல்லை.

"பாத்துட்டேதானே?"

"பாத்தேன்."

"அது பொய்யா?"

"நீ பொய் சொல்லலியே. ஒனக்கே தெரியாதே."

"நேத்து தெரியாது. அடுத்த வாரம் தெரியும்," என்றாள். கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள், அது யாருடையதோ போல. "ஒண்ணுமில்லாம ஏத்துனா, ஏமாத்துறோமேன்னு பயத்துல இது நெசமாவே ஆடும். அவங்க நல்ல சீட்டுன்னு நெனச்சுக் கவுப்பாங்க. கை ஆடறது நெசம். அவங்க நெனக்கிறதுதான் தப்பு."

"அப்ப பொய் இல்லை."

"பாதி இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறாவது ஞாயிறிலிருந்து அவள் கையை ஒளிக்கவில்லை. பீரில்லை, கையுறையில்லை, மூச்சு எண்ணுவதும் இல்லை. மேசைமேல் வெளிச்சம் விழும் இடத்தில், கடைவீதியில் மீன் வைத்ததுபோல வலது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆடினால் ஆடட்டும். நல்ல சீட்டு வந்தால் ஆடியது, எல்லோரும் கவிழ்த்தோம். ஒன்றுமில்லாதபோது ஆடியது, அப்போதும் கவிழ்த்தோம். சின்னச் சின்னதாக, ஆற்று மணல் கரை சேர்வதுபோல, வில்லைகள் அவள் பக்கம் சேர்ந்தன. நான் மட்டும் விஷயம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. எனக்கு வருகிற சீட்டுக்கு அவளை எதிர்க்கவேண்டிய தேவை எப்படியும் வரவில்லை.

"இந்தப் பொம்பளைக்கு வர்ற சீட்டு எனக்கு ஒரு நாள் வந்தாப் போதும், நிம்மதியாச் செத்துடுவேன்," என்றார் பேரி ஏழாவது ஞாயிறு.

"நீங்க சாகறதுக்குச் சீட்டு வேற வேணுமா," என்றாள் ரேலீன்.

எட்டாவது ஞாயிறு கிளெனிஸ் இரண்டாவது வந்தாள். ஒன்பதாவது ஞாயிறு முதலாவது. ரேலீன் பலகையில் கூட்டிப் பார்த்தாள். பேரியும் கிளெனிஸும் ஒரே புள்ளி. கடைசி ஞாயிறு இருவரில் யார் மற்றவரைவிட அதிக நேரம் மேசையில் நிற்கிறாரோ அவருக்கு அடிலெய்டு.

அந்த ஒன்பதாவது ஞாயிறு எனக்கு ஒன்று தோன்றியது. அவள் கை அன்றைக்கும் ஆடியதுதான். ஆனால் சாஸரில் வைத்த ஸ்பூன், பக்கத்தில் யாரோ நடந்துபோனால் ஆடுமே, அவ்வளவுதான். அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? உனக்குக் குணமாகிக்கொண்டு வருகிறது, ஜாக்கிரதை என்றா?

பத்தாவது ஞாயிறு வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மத்தியான வெயில் பின்னறையின் மேற்கு ஜன்னல் வழியாக ஆற்றில் பட்டுத் திரும்பி, கூரையில் அசைந்துகொண்டே இருந்தது. மேசைமேல் எல்லோர் முகத்திலும் அந்த அலைவெளிச்சம் ஊர்ந்தது. நான் வழக்கம்போல முதலில் வெளியே போய், நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தானாஸி மூன்றாவது தட்டையும் முடித்துவிட்டு ஐந்தாவதாக வெளியேறினார். நெவில் வந்து வாசலில் நின்றான். சாக்ஸோடு, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, தோட்டச் சேறு உள்ளே ஒட்டக்கூடாதே என்று.

நாலரை மணிக்கு மேசையில் இரண்டே பேர். கிளெனிஸ், பேரி. பேரியிடம் கொஞ்சம் கூடுதல். ரேலீன்தான் சீட்டுப் போட்டாள்.

அந்தச் சீட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கிளெனிஸுக்கு ஒன்பதும் எட்டும், வேறு வேறு இனம். நடுவில் ஆஸ், பத்து, ஆறு, இரண்டு. கடைசியாக ராஜா விழுந்தது. அவளிடம் ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் ஆஸும் ராஜாவும் இருக்கும்போது, எதிரில் ஒருத்தி எல்லாவற்றையும் வைத்தால் யாராக இருந்தாலும் யோசிப்பார்கள். அவள் வில்லை வாராவாரம் சின்னச் சின்னதாகச் சேர்ந்தது. இப்போது சுற்றுக்குச் சுற்று கரைந்துகொண்டிருந்தது. கட்டாயமாக வைக்கவேண்டிய வில்லை பெரிதாகிக்கொண்டே போகிறது. இன்னும் பத்து நிமிஷம் சும்மா இருந்தால் தானாகவே தீர்ந்துபோகும். வைக்கவேண்டிய நேரம் இதுதான். சீட்டு தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"எல்லாத்தையும் வைக்கிறேன்," என்றாள் கிளெனிஸ்.

அந்தக் குரலைக் கேட்டு நான் நிமிர்ந்தேன். கூண்டின் ஜன்னலைத் திறந்து "ஹேண்ட்பிரேக் போடுங்க" என்று சொல்கிற குரல் அது. தெளிவாக, அவசரமில்லாமல், அறை முழுவதும் போயிற்று.

பிறகு கையை வில்லை அடுக்குக்குக் கொண்டுபோனாள். நான்கு அடுக்கு. நான்கையும் சேர்த்து விரல்களால் அணைத்து, முன்னே தள்ளினாள். ஒரு வில்லைகூடச் சத்தம் போடவில்லை. நான்கும் தண்ணீர்மேல் போவதுபோல மெதுவாக நடுவுக்குப் போய் நின்றன. கை அங்கேயே, அடுக்குக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் இருந்தது. கூரையிலிருந்து இறங்கிய அலைவெளிச்சம்தான் அதன்மேல் அசைந்தது. கை அசையவில்லை.

கிளெனிஸ் அதைப் பார்த்தாள். ஆடப்போகிறது, இதோ வந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. தாமதமாக வருகிற ஆளுக்காக வாசலைப் பார்ப்பதுபோல அவள் கண் கையிலேயே இருந்தது. வரவில்லை. வேண்டுமென்றே ஆட்டலாம் என்று தோன்றியதாம், பிறகு சொன்னாள். எப்படி ஆட்டுவது என்று தெரியவில்லையாம். அத்தனை வாரமும் தானாக ஆடிய கையை, ஆட்டு என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பேரியும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நிக்குது," என்றார் தனக்குள். பிறகு அவளிடம், "கண்ணு, பத்து வாரமா ஒன் கையைப் பாக்குறேன். இப்படி நின்னு நான் பாத்ததில்லை. ஒங்கிட்ட ஒண்ணுமில்லை."

அவள் கை அடுக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"பாத்துடுறேன்," என்றார் பேரி. ஒரு பத்தும் ஒரு ஏழும் காட்டினார். நடுவிலிருந்த பத்தோடு ஒரே ஒரு ஜோடி. கிளெனிஸ் தன் சீட்டை மல்லாத்தி வைத்தாள். ஒன்பது, எட்டு.

முடிந்தது. ரேலீன் போய்ப் பலகையில் பேரியின் பெயருக்கு எதிரே எழுதினாள். சாக்குக்கட்டி கீச்சென்றது. பேரி எழுந்து கை கொடுத்தார், கிளெனிஸ் கொடுத்தாள். அவர் அவள் கையை விடாமல் புரட்டிப் பார்த்தார், பழத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல.

"இன்னைக்கு என்ன ஆச்சு இதுக்கு?"

"தெரியலை பேரி. பழகிடுச்சு போல."

"வழக்கம்போல ஆடியிருந்தா நான் கவுத்திருப்பேன். சத்தியமா."

"தெரியும்."

"ஒண்ணுமில்லாம எல்லாத்தையும் வெச்சியே. ஆடறப்பல்லாம் நல்ல சீட்டு, ஆடாட்டி ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும்னு ஒனக்குத் தெரியாதா?"

கிளெனிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆடுனதுல பாதி ஒண்ணுமில்லாம ஆடுனதுதான் பேரி. அஞ்சாவது வாரத்துலேர்ந்து."

பேரி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். சுவரோரத்தில் தானாஸி மெதுவாக எழுந்தார்.

"அஞ்சாவது வாரம்," என்றார். "என் மூணு எட்டு."

"ஜெயிச்சிருப்பீங்க," என்றாள் கிளெனிஸ். "ராணி கிளாவர். நான்தான் சரியாப் பாக்கலை."

தானாஸி கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். யாருக்கும் அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை. ரேலீன் முந்தானை மாதிரித் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பேரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனசுக்குள் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒவ்வொரு சுற்றாகத் திரும்ப ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையெல்லாம் கவிழ்த்தோம் என்று.

"அடிலெய்டுல யார் கையையும் பாக்காதீங்க," என்றாள் அவள் அவரிடம். கேலியாகச் சொல்லவில்லை. "சீட்டை மட்டும் பாருங்க. கெழவனாரே, ஜெயிச்சுட்டு வாங்க."

பிறகு நெவிலோடு வெளியே வந்தாள். என் காரும் அவர்கள் வண்டிக்குப் பக்கத்தில்தான். நெவில் வண்டிப் படியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். வெயில் ஆற்றின் அந்தப் பக்கத்துச் செம்மண் சரிவில் ஏறியிருந்தது; தண்ணீருக்குள்ளும் ஒரு செம்மண் சரிவு தலைகீழாக நின்றது.

"வருத்தமா?" என்றான் நெவில்.

"ஆமா."

"எவ்ளோ?"

"நெறைய. ஜன்னலோரம் ஒக்காந்துட்டேன்னே நெனச்சுட்டேன் நெவில். பஸ்ஸுல போட்டுக்க ஸ்வெட்டர்கூட எடுத்து வெச்சேன்."

அவன் ஒரு பூட்ஸோடு நிறுத்தினான். "நான் கூட்டிட்டுப் போறேன். பெட்ரோலைப் பத்திப் பேச மாட்டேன்."

"பேசுவே."

"கொஞ்சம் பேசுவேன்."

அவள் வண்டியின் முன்பக்கத் தகட்டில் சாய்ந்தாள். கண் நனைந்திருந்தது. அதைத் துடைக்க வலது கையைத் தூக்கியவள் பாதியில் நிறுத்தி, விரல்களை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

நெவிலும் எழுந்துவந்து பார்த்தான். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் சாக்ஸ்.

"ஆடலியே," என்றான்.

"ஆடலை," என்றாள் கிளெனிஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த ஆட்டம் எப்ப ஆரம்பிக்குதுன்னு ரேலீன்கிட்ட கேட்டுட்டு வா. நான் போனா மூணு எட்டைச் சொல்லியே தானாஸி விடமாட்டார்."